பழைய லேப்டாப்பும் ஒரு சர்வர்தான்

சர்வர் என்றதும் குளிரூட்டிய அறை, வரிசையாக இரும்பு அலமாரிகள், பச்சை விளக்கு மினுக்கும் பெட்டிகள் என்றுதான் பலருக்கும் தோன்றும். அதுவும் சர்வர்தான். ஆனால் அந்தச் சொல் குறிப்பது பெட்டியை அல்ல, ஒரு வேலையை. உங்கள் போன் "அந்தப் படத்தைக் கொடு" என்று கேட்கிறது, எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுக்கிறது. கொடுக்கிற கம்ப்யூட்டர் சர்வர். தமிழில் இதற்கு வழங்கி என்று பெயர் வைத்தவர் விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார். அலமாரியில் தூசி படிந்து கிடக்கிற பழைய லேப்டாப்பை எடுத்து, நாள் முழுக்க ஆனில் வைத்து, இந்த எடுத்துக் கொடுக்கும் வேலையை அதனிடம் ஒப்படைத்தால் அதுவும் சர்வர்.

சரி, இந்த வேலையை நாமே எதற்கு இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்? இப்போது அதை நமக்காகச் செய்கிறவர்கள் யார் என்று பார்த்தால் புரியும். போனில் எடுத்த படம் தானாகவே க்ளவுடுக்குப் போகிறது. போகிற வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாதபடி என்கிரிப்ஷன் இருக்கிறது, அது உண்மை. ஆனால் போய்ச் சேர்கிற இடத்தில், பெரும்பாலான சேவைகளில், பூட்டைத் திறக்கும் சாவி அந்த நிறுவனத்திடம்தான் இருக்கிறது. அது படத்தைத் திறக்கலாம், முகங்களை வகைபிரிக்கலாம், படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் நேரத்தையும் இடத்தையும் படிக்கலாம், சட்டப்படி கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கலாம். "க்ளவுடு என்று எதுவும் இல்லை, அது இன்னொருத்தருடைய கம்ப்யூட்டர்" என்று கட்டற்ற மென்பொருள்காரர்கள் ஸ்டிக்கர் அடித்து லேப்டாப்பில் ஒட்டிக்கொள்வார்கள். கொஞ்சம் கிண்டலான வாசகம்தான், ஆனால் தப்பில்லை.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பின்னால் ஏமாற்றமாக இருக்கும். ஒன்று, திருடனிடமிருந்து பாதுகாப்பு. இன்னொன்று, காவல்காரனிடமிருந்து அந்தரங்கம். பெரிய நிறுவனங்கள் முதலாவதில் கெட்டிக்காரர்கள். இராப்பகலாக அதற்கென்றே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், உங்களையும் என்னையும் விட அவர்கள் திருடனை நன்றாகவே தடுப்பார்கள். சிக்கல் இரண்டாவதில், ஏனென்றால் காவல்காரனே அவர்கள்தான். வீட்டுச் சர்வர் இந்த இரண்டாவது சிக்கலைத் தீர்க்கிறது, அதற்குப் பதிலாக முதல் வேலையை உங்கள் தலையில் வைக்கிறது. இந்தப் பண்டமாற்று உங்களுக்குச் சம்மதமா என்பதுதான் கேள்வியே. சம்மதம் இல்லை என்பதும் நல்ல பதில்தான். அப்படிப்பட்டவர்கள், கோப்புகளை உங்கள் போனிலேயே பூட்டி, சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாத ஒரு சேவையைத் தேடிக்கொண்டால் போதும், சர்வரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

அந்தரங்கத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. அடுத்தவர் இடத்தில் குடியிருந்தால் விதிகளை அவர்கள்தான் மாற்றுவார்கள். பல தளங்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் திரட்டித் தந்த கூகுள் ரீடரை நம்பி தினசரி வாசிப்பையே அதில் வைத்திருந்தவர்கள் 2013 ஜூலையில் அது மூடப்பட்டபோது தெருவுக்கு வந்தார்கள். கூகுள் ஃபோட்டோஸில் 2015 முதல் கிடைத்துவந்த அளவில்லா இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1 அன்று நின்றது. அவர்கள் கடை, அவர்கள் விருப்பம். நம் பொருள் அங்கே இருக்கிறது என்பதுதான் நம் பிரச்சினை.

கட்டற்றது ஏன்?

ஆங்கிலத்தில் சுதந்திரத்துக்கும் இலவசத்துக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்திவிட்டு, "நாங்கள் சொல்வது விலையைப் பற்றி அல்ல" என்று நாற்பது வருஷமாக விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் அந்த வம்பே இல்லை. கட்டற்ற மென்பொருள் வேறு, இலவச மென்பொருள் வேறு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் க்னூ என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தபோது தொடங்கிய இயக்கம் இது. எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று படித்து மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். இந்த நான்கு உரிமைகளும் இருந்தால் கட்டற்றது.

வீட்டுச் சர்வருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பெட்டி உங்கள் வீட்டில் இருந்தாலும் உள்ளே ஓடும் மென்பொருள் மூடிய பெட்டகமாக இருந்தால், அது யாரிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் வைத்துக்கொள்ளும் சேமிப்புப் பெட்டிகளிலேயே சில, தயாரித்தவரிடம் கணக்குத் திறந்தால்தான் முழுசாக வேலை செய்யும். வாசல் நம்முடையது, சாவி அவர்களுடையது என்ற பழைய கதைதான். மூலநிரல் திறந்து கிடந்தால் நீங்கள் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கப்போவதில்லை, நானும் படித்ததில்லை. ஆனால் படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கலாம், கோளாறு இருந்தால் ஊரறியச் சொல்லலாம்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒரு திட்டத்தின் போக்கு பிடிக்காமல் போனால் கட்டற்ற மென்பொருளில் பிரிந்து போக முடியும். ஓன்கிளவுட் என்ற கோப்புச் சேமிப்புத் திட்டத்தைத் தொடங்கியவரே 2016-இல் அதிலிருந்து வெளியே வந்து, அதே நிரலை எடுத்துக்கொண்டு நெக்ஸ்ட்கிளவுட் என்று புதிதாகத் தொடங்கினார். 2018-இல் எம்பி என்ற வீடியோ சர்வர் தன் நிரலை மூடியபோது, அதற்கு முன்புவரை திறந்திருந்த நிரலிலிருந்து ஜெல்லிஃபின் பிறந்தது. பயன்படுத்தியவர்கள் நடுத்தெருவில் நிற்கவில்லை. மூடிய மென்பொருளில் இப்படி ஒரு கதை நடக்கவே வழியில்லை.

பெட்டி

இதைப் பற்றி நிறைய யோசித்து மண்டையைக் குழப்பிக்கொள்கிறார்கள், அவ்வளவு தேவையில்லை. பழைய லேப்டாப் போதும். 64 பிட் பிராசசர், 4 ஜிபி ரேம் இருந்தால் ஒன்றிரண்டு சேவைகள் தாராளமாக ஓடும். படங்களில் முகம் தேடுவது போன்ற கனமான வேலைகள் வேண்டுமென்றால் 8 ஜிபி இருக்கட்டும். லேப்டாப்பில் கூடுதல் வசதி, மின்சாரம் போனால் அதன் பேட்டரியே கொஞ்ச நேரம் தாங்கும். ஆனால் வருஷக்கணக்கில் சார்ஜில் கிடக்கும் பழைய பேட்டரி உப்பலாம். உப்பியிருந்தால் தயங்காமல் கழற்றிவிடுங்கள், அது தீப்பிடிக்கக்கூடிய சமாச்சாரம். மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கிவிடும், அந்த அமைப்பையும் மாற்ற வேண்டும். இது தெரியாமல் முதல் நாள் அரை மணி நேரம் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

ராஸ்பெரி பை போன்ற கையளவுக் கம்ப்யூட்டர்களும் நல்ல தேர்வுதான், மின்சாரம் மிகக் குறைவாகக் குடிக்கும். ஆனால் அதன் மெமரி கார்டிலேயே எல்லாவற்றையும் வைக்காதீர்கள். ஓயாமல் எழுதி அழிக்கிற வேலைக்கு அந்தக் கார்டுகள் செய்யப்படவில்லை, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும். தனியாக ஒரு எஸ்எஸ்டி டிஸ்க் மாட்டுங்கள். மின்சாரக் கணக்கு சுலபம்: தொடர்ந்து 10 வாட் எடுக்கும் கருவி வருஷத்துக்கு ஏறத்தாழ 88 யூனிட் எடுக்கும். 60 வாட் எடுக்கும் பழைய டெஸ்க்டாப் என்றால் 525-ஐத் தாண்டும். இலவசமாகக் கிடைத்த டெஸ்க்டாப் உண்மையில் இலவசமில்லை என்பது பில் வரும்போது தெரியும்.

உள்ளே என்ன போடுவது

இரண்டு வழி இருக்கிறது. முதல் வழி, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டித் தரும் தொகுப்பு. எபென் மோக்லன் என்ற சட்டப் பேராசிரியர் 2010-இல் ஓர் உரையில், ஒவ்வொருவர் வீட்டிலும் செருகி வைக்கும் சின்னப் பெட்டி ஒன்று இருந்தால் நம் தகவலை நாமே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டார். அதிலிருந்து வந்ததுதான் ஃப்ரீடம்பாக்ஸ். யூனோஹோஸ்ட் என்று இன்னொன்றும் இருக்கிறது. இரண்டும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் மேல் கட்டப்பட்டவை, பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்து வேண்டிய சேவையைத் தேர்ந்தெடுத்தால் நிறுவிக்கொள்ளும். கருப்புத் திரையில் கட்டளை அடிக்கப் பயமாக இருக்கிறது என்பவர்கள் இங்கே தொடங்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது வழி, வெறும் டெபியனை நிறுவிவிட்டு அதன் மேல் டாக்கர் வழியாக ஒவ்வொரு சேவையாக வைப்பது. டாக்கர் என்பது ஒரு மென்பொருளையும் அதற்குத் தேவையான தட்டுமுட்டுச் சாமான்களையும் ஒரே டப்பாவில் அடைத்துத் தருகிற முறை. ஒரு டப்பாவில் இருப்பது இன்னொன்றோடு சண்டை போடாது, வேண்டாமென்றால் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடலாம். உங்கள் கோப்புகள் டப்பாவுக்கு வெளியே தனி ஃபோல்டரில் இருக்கும்படி அமைக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் டப்பாவோடு சேர்த்துப் படங்களையும் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. சர்வருக்குத் திரையில் ஐகான்கள், சுட்டி எதுவும் தேவையில்லை. ஒருமுறை நிறுவியபின் அது ஒரு மூலைக்குப் போய்விடும், மற்ற வேலையெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரிலிருந்தே எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு முறை மூலம் நுழைந்து செய்வதுதான்.

அப்புறம் எந்தச் சேவையிலிருந்து தொடங்குவது? இங்கேதான் எல்லோரும் ஆர்வக்கோளாறில் விழுகிறோம். ஒரே வார இறுதியில் படங்களுக்கு இம்மிச், கோப்புக்கும் நாட்காட்டிக்கும் நெக்ஸ்ட்கிளவுட், சினிமா பார்க்க ஜெல்லிஃபின், கடவுச்சொற்களுக்கு வால்ட்வார்டன், விளம்பரம் தடுக்க பை-ஹோல் என்று ஐந்தையும் ஏற்றிவிட்டு, அடுத்த மாதம் ஒன்று உடைந்தால் எது எதனால் உடைந்தது என்று தெரியாமல் விழிப்பது. ஒன்றே ஒன்று போதும். உங்களுக்கு எது உறுத்துகிறதோ அது. பெரும்பாலானவர்களுக்கு அது குடும்பப் படங்கள். மூன்று மாதம் அதை மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

கடவுச்சொற்களைக் கடைசியாக வையுங்கள் என்பது என் பிடிவாதமான கருத்து. படம் ஒருநாள் திறக்காவிட்டால் எரிச்சல்தான் வரும். கடவுச்சொல் திறக்காவிட்டால் அன்றைய பிழைப்பே நின்றுவிடும். பை-ஹோலும் அப்படித்தான், கவனமாக வைக்க வேண்டியது. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் இணையப் பெயர்களைத் தேடும்போது அதனிடம் கேட்கும், விளம்பரக்காரர்களின் பெயர் வந்தால் அது பதில் சொல்லாது. அழகான ஏற்பாடு. ஆனால் சர்வர் படுத்தால் வீட்டில் "நெட் வரல" என்று நாலு பக்கமும் குரல் வரும், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

வாசலைத் திறப்பதா, வேண்டாமா?

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஏனென்றால் வீட்டுச் சர்வர் வைத்தவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வீட்டுக்குள் உங்கள் கருவிகளுக்கு 192.168.1.10 போன்ற முகவரிகள் இருக்கும். இவை வீட்டுக்குள் மட்டுமே செல்லும், பக்கத்து வீட்டிலும் இதே எண் இருக்கலாம். வெளியுலகுக்குத் தெரிவது ரவுட்டருக்குக் கொடுக்கப்பட்ட ஒரே ஒரு ஐபி முகவரி. வெளியிலிருந்து யாராவது அந்த முகவரியைத் தட்டினால் ரவுட்டர் யாரையும் உள்ளே விடாது. நீங்களாகப் போய் "இந்தக் கதவைத் தட்டினால் சர்வரிடம் அனுப்பு" என்று சொன்னால்தான் விடும். இதற்குப் பெயர் போர்ட் ஃபார்வர்டிங், இணையத்தில் கிடைக்கும் பாதி வழிகாட்டிகள் இரண்டாவது பத்தியிலேயே இதைச் செய்யச் சொல்லும்.

செய்யாதீர்கள். குறைந்தபட்சம் இப்போது வேண்டாம். இணையத்தின் எல்லா ஐபி முகவரிகளையும் வரிசையாகத் தட்டிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட தானியங்கி நிரல்கள் ஓயாமல் ஓடுகின்றன. உங்களை யாருக்கும் தெரியாது, உங்களிடம் என்ன இருக்கிறது என்று தேடிவர யாருக்கு அக்கறை என்று நினைக்கலாம். அவை உங்களைத் தேடவில்லை, திறந்த கதவைத் தேடுகின்றன. நான் முதன்முதலில் எஸ்எஸ்எச் கதவான 22-ஆம் எண்ணைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப்போய், காலையில் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் ரூட், அட்மின், டெஸ்ட் என்று கற்பனைக்கெட்டிய பெயர்களிலெல்லாம் யாரோ இரவு முழுக்க நுழையப் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் நுழையவில்லை, ஆனால் அன்று காபி இறங்கவில்லை.

அப்படியென்றால் வெளியூரில் இருக்கும்போது வீட்டுச் சர்வரிலிருக்கும் படத்தை எப்படிப் பார்ப்பது? வயர்கார்டு என்ற விபிஎன் மூலம். உங்கள் போனுக்கும் வீட்டுக்கும் நடுவில் பூட்டிய சுரங்கப்பாதை ஒன்றை அது போடுகிறது, அதன் வழியே வந்தால் போன் வீட்டுக்குள் இருப்பது போலவே சர்வரைப் பார்க்கும். 2020-இல் வெளிவந்த 5.6 பதிப்பிலிருந்து லினக்ஸின் மையப்பகுதியான கர்னலிலேயே அது சேர்ந்துவிட்டது. இதற்கும் ரவுட்டரில் ஒரு கதவைத் திறக்கத்தான் வேண்டும், ஆனால் இது வேறு ரகக் கதவு. சரியான சாவி இல்லாமல் யார் தட்டினாலும் வயர்கார்டு பதிலே சொல்லாது. "தப்பான சாவி" என்றுகூடச் சொல்லாது. தட்டியவருக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது. கடவுச்சொல் கேட்கும் நுழைவுப் பக்கத்தை ஊருக்கே திறந்து வைப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு முட்டுக்கட்டை வரலாம். ஐபி முகவரிகள் தட்டுப்பாட்டால் பல இணைய நிறுவனங்கள் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. கண்டுபிடிப்பது எளிது: ரவுட்டரின் அமைப்புப் பக்கம் காட்டும் வெளி முகவரியையும், "என் ஐபி என்ன" என்று சொல்லும் தளம் காட்டுவதையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், அல்லது ரவுட்டர் காட்டுவது 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால், நீங்கள் அந்தப் பங்கு வீட்டில் இருக்கிறீர்கள். எந்தக் கதவைத் திறந்தாலும் வெளியிலிருந்து ஆள் வந்து சேர முடியாது. அப்போது டெயில்ஸ்கேல் போன்ற சேவை கைகொடுக்கும். அது வயர்கார்டையே பயன்படுத்தி இரண்டு பக்கமும் உள்ளிருந்து கைநீட்டிப் பிடித்துக்கொள்ளும்படி செய்கிறது. இணைத்து வைக்கிற நடுவர் மட்டும் அந்த நிறுவனத்தின் சர்வர். அதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு ஹெட்ஸ்கேல் என்று கட்டற்ற மாற்று உண்டு, ஆனால் அதை எல்லோராலும் எட்ட முடிகிற ஓரிடத்தில் நிறுவ வேண்டும். தொடக்கத்தில் டெயில்ஸ்கேலோடு நிறுத்திக்கொள்வதில் குற்றவுணர்ச்சி வேண்டாம். அந்தரங்கம் ஒரே நாளில் முழுசாகக் கிடைக்கிற பொருள் இல்லை.

அப்லோடு வேகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் போடுவது டவுன்லோடு வேகம். நீங்கள் வெளியிலிருந்து வீட்டுப் படத்தைப் பார்க்கும்போது வீடு அனுப்புகிறது, அதாவது அப்லோடு. அது நொடிக்கு 10 மெகாபிட் என்றால் 4 எம்பி படம் ஒன்று வர மூன்று நொடிக்கு மேல் ஆகும், 1 ஜிபி வீடியோ என்றால் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பொறுத்துக்கொள்ளலாம்.

பின்னாளில் ஏதாவது ஒரு சேவையைப் பொதுவில் திறந்தே ஆக வேண்டுமென்றால், டொமைன் பெயரும் (தளத்தின் முகவரிப் பெயர்), பிரவுசர் பூட்டிய இணைப்பில் பேச உதவும் எச்டிடிபிஎஸ் சான்றிதழும் தேவைப்படும். சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு காசு வாங்காமல் தருகிறது, காலாவதியாகும் முன் தானாகப் புதுப்பிக்கும்படியும் அமைத்துவிடலாம். பலர் கவனிக்காத சங்கதி ஒன்று: சான்றிதழ் வாங்கிய ஒவ்வொரு பெயரும் யார் வேண்டுமானாலும் தேடக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். ஆகவே டொமைனுக்கு முன்னால் சேர்க்கும் துணைப்பெயராக உங்கள் குழந்தையின் பெயரையோ, எந்த மென்பொருள் ஓடுகிறது என்பதையோ வைக்க வேண்டாம்.

காப்பு

டிஸ்க் சாகும். எந்த டிஸ்க் என்பதும் எப்போது என்பதும்தான் தெரியாது. பெரிய நிறுவனத்தில் டிஸ்க் செத்தால் உங்களுக்குச் செய்தியே வராது, ஏனென்றால் அவர்களிடம் நகல்கள் உண்டு. வீட்டில் செத்தால் அது துக்க வீடு.

இங்கே நான் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன். ஒத்திசைக்கும் மென்பொருள் ஒன்றை வைத்து போன், லேப்டாப், சர்வர் மூன்றிலும் ஒரே ஃபோல்டர் எப்போதும் ஒன்றுபோல இருக்கும்படி செய்திருந்தேன். மூன்று இடத்தில் இருக்கிறதே, இதைவிட என்ன பாதுகாப்பு என்ற தைரியம். ஒருநாள் போனில் இடம் பற்றவில்லை என்று பழைய படங்களை அழித்தேன். சொன்ன சொல் தவறாத அந்த மென்பொருள் மற்ற இரண்டு இடத்திலும் அவற்றை அழித்துவிட்டு, எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது என்று பச்சை விளக்குக் காட்டியது. பழைய பதிப்புகளைக் கொஞ்ச நாள் வைத்திரு என்ற வசதி அதிலேயே இருந்தது, நான் இயக்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. இரண்டு வருஷப் படங்களில் உறவினர்களின் போனில் கிடந்தவை மட்டும் திரும்பி வந்தன.

ஒத்திசைவு வேறு, காப்பு வேறு. இரண்டு டிஸ்க்கை ஜோடியாக மாட்டி ஒன்றில் எழுதுவதை இன்னொன்றிலும் எழுத வைக்கும் ரெய்டு முறையும் காப்பு இல்லை. நீங்கள் தவறாக அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். காப்பு என்றால், நேற்று எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருப்பது. 3-2-1 என்று ஒரு வாய்பாடு உண்டு: மொத்தம் 3 நகல், 2 வகைச் சேமிப்பில், அவற்றில் 1 வீட்டுக்கு வெளியே. ரெஸ்டிக், போர்க் என்ற இரண்டு கட்டற்ற கருவிகள் இதற்கு நன்றாக உதவும். மாறியதை மட்டும் நகலெடுக்கும், நாள்வாரியாகப் பழைய நிலைகளை வைத்திருக்கும், எழுதும் முன்பே என்கிரிப்ட் செய்துவிடும். அதனால் வெளியே வைக்கும் நகலை வாடகைச் சேமிப்பிடத்தில்கூட வைக்கலாம், அவர்களுக்கு அது வெறும் குப்பையாகத்தான் தெரியும். இல்லையென்றால் ஒரு டிஸ்க்கில் எழுதி நம்பிக்கையான உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். அந்த என்கிரிப்ஷன் கடவுச்சொல்லை அதே சர்வரில் மட்டும் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வருஷத்துக்கு இரண்டு முறையாவது காப்பிலிருந்து நாலு கோப்புகளைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். இதைச் செய்யாமல் இருக்கும்வரை உங்களிடம் காப்பு இருக்கிறது என்று சொல்ல முடியாது. இந்த ஏற்பாடு உறுதியாக ஓடி, ஒருமுறை மீட்டும் பார்த்த பிறகுதான் க்ளவுடில் இருக்கும் பழைய படங்களை அழிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். அவசரமே இல்லை, ஆறு மாதம் இரண்டும் ஓடட்டும்.

தினப்படி

பராமரிப்பு பயப்படுகிற அளவுக்கு இல்லை. டெபியனில் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக இறங்கும்படி வைத்துவிடலாம். எஸ்எஸ்எச்-இல் கடவுச்சொல்லை நிறுத்திவிட்டுச் சாவிக்கோப்பு மட்டும் போதும் என்று மாற்றுங்கள். டாக்கர் சேவைகளை மட்டும் மாதம் ஒருமுறை உட்கார்ந்து, மாற்றக் குறிப்புகளைப் படித்து, காப்பு எடுத்தபின் புதுப்பிப்பது நல்லது. கண்ணை மூடிக்கொண்டு புதுப்பித்தால் ஏதோ ஒரு மாதம் அது உங்களைக் கவிழ்க்கும்.

டிஸ்க்கை முழுசாக என்கிரிப்ட் செய்வதா என்பது விவாதத்துக்குரியது. செய்தால், பெட்டியை யாராவது தூக்கிப் போனாலும் அணைத்த நிலையில் ஒன்றும் படிக்க முடியாது. ஆனால் மின்சாரம் போய் வந்து சர்வர் மறுபடி எழும்போது யாராவது கடவுச்சொல் அடிக்கும்வரை அது காத்திருக்கும், நீங்கள் வெளியூரில் இருந்தால் அவ்வளவுதான். நான் செய்திருக்கிறேன், அந்தச் சிரமத்தோடு வாழ்கிறேன்.

மின்னஞ்சலை மட்டும் வீட்டில் வைக்க முயலாதீர்கள். நிறுவுவது சிரமம் என்பதற்காகச் சொல்லவில்லை. மின்னஞ்சல் சர்வர்கள் பேசிக்கொள்ளும் 25-ஆம் போர்ட்டைப் பல இணைய நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் அடைத்து வைத்திருக்கின்றன. அதைத் தாண்டினாலும், வீட்டு ஐபி முகவரியிலிருந்து வரும் கடிதத்தைப் பெரிய சேவைகள் சந்தேகத்தோடுதான் பார்க்கும், நேராக ஸ்பேமுக்கு அனுப்பும். நீங்கள் எவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தாலும் அடுத்த பக்கம் ஏற்றுக்கொள்ள வேண்டுமே. எப்படியும் நீங்கள் எழுதும் கடிதத்தின் இன்னொரு நகல் பெறுபவரின் பெட்டியில்தான் இருக்கப்போகிறது. அதேபோல வீட்டுச் சர்வர் வைத்ததால் உங்கள் போன் வாயை மூடிக்கொள்ளாது. அதிலிருக்கும் செயலிகள் சேகரிப்பதைச் சேகரித்துக்கொண்டுதான் இருக்கும், அது வேறு போராட்டம்.

இன்னொரு விஷயத்தை எந்த வழிகாட்டியும் எனக்குச் சொல்லவில்லை. படங்களுக்கான சர்வரைப் பெருமையாகக் காட்டி, "இனிமே உன் படமெல்லாம் நம்ம வீட்லயே இருக்கும்" என்று தங்கையிடம் சொன்னபோது அவள் கேட்டாள்: "அப்போ அந்தக் கம்பெனிக்குப் பதிலா நீ பாப்பியாண்ணா?" பதில் சொல்ல வாய் வரவில்லை. உண்மைதான், சர்வரின் நிர்வாகியாக நான் நினைத்தால் எல்லோருடைய ஃபோல்டரையும் திறக்கலாம். முகம் தெரியாத நிறுவனம் பார்ப்பதைவிட வீட்டுக்குள் இருக்கிற ஆள் பார்ப்பது சிலருக்கு இன்னும் கூச்சமான விஷயம். நம்மை நம்புவதா வேண்டாமா என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நாம் செய்யக்கூடியது, இந்த உண்மையை முதலிலேயே சொல்லிவிடுவதும், மறுத்தால் வற்புறுத்தாமல் இருப்பதும்தான். தங்கை ஒரு வருஷம் கழித்துத்தான் சேர்ந்தாள், அதுவும் பயணப் படங்களை மட்டும்.

சேர்ந்த அன்றைக்கே அவள் கேட்ட இன்னொரு கேள்வி, "நீ ஊர்ல இல்லாதப்ப இது நின்னுட்டா யாருக்குத் தெரியும்?" அதன் பிறகு ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, சர்வர் இருக்கும் மேசையின் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். எந்தப் பெட்டி எது, காப்பு டிஸ்க் யார் வீட்டில் இருக்கிறது, என்கிரிப்ஷன் கடவுச்சொல் எந்த உறையில் இருக்கிறது, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் படங்களை மட்டும் சாதாரண ஃபோல்டராக எப்படி வெளியே எடுப்பது என்று ஒன்றரைப் பக்கம். முதல் வரியில், "பயப்படாதே. திரையில் கடவுச்சொல் கேட்டால் மூன்றாவது உறையைப் பிரி" என்று எழுதியிருக்கிறேன்.